வாயை மூடிய மாமியார்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை, ஏரிக்கு மேற்கே இருக்கும் எரிமலையின் உச்சியிலிருந்து புகை வருவது நின்றது.

செய்தி வந்தபோது மருமகள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசி, கையில் கரண்டி, சாப்பாட்டு மேசையில் திறந்த கணினி. திரையில் ஏரித் தண்ணீரின் சூட்டைக் காட்டும் கோடு மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. உச்சியில் புகை இல்லை. அடியில் சூடு ஏறுகிறது. அப்படியானால் மூச்சு எங்கே போகிறது? அந்தக் கேள்வி அவளைப் பயமுறுத்தியதைவிட அதிகமாக இழுத்தது. அதற்காக அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எரிமலை வாயுக்களை அளப்பது அவள் தொழில். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘மூக்கு’ என்று பட்டப்பெயர். கைபேசியில் பேசியவர் மலையின் பக்கவாட்டில் துளைபோடும் பொறியாளர்.

"மாமியார் சாந்தமாயிட்டாங்கன்னு இங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, மூக்கு."

"சாந்தமாவது மண்ணாவது! வாயை மூடிட்டான்னா அடங்கிட்டான்னு அர்த்தமா? நெஞ்சுக்குள்ள வச்சுக் குமுறிக்கிட்டிருக்கா. இன்னைக்கே விலாவுல ஒரு ஓட்டை போட்டாகணும். விட்டோம்... ஊர் உலகத்தையே கொளுத்திட்டுத்தான் ஓய்வா!"

பின்னால் வாக்கர் தரையில் டக்கென்று இடித்தது.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். மலை அல்ல, நிஜ மாமியார். தலை வாரிவிட நேரமில்லை என்று சொன்னதற்காக இரண்டு நாளாக மருமகளோடு பேசாமல் இருந்தவள். பக்கத்தில் நாத்தனார். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்த டீச்சர்.

"கேட்டியாடி?" என்றாள் மாமியார் மகளிடம். குரல் உடைந்தது. "விலாவுல ஓட்டை போடணுமாம்... எனக்கு!"

"ஐயோ அத்தை, உங்களைச் சொல்லல! மலையை..."

"மலையா?" நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "எந்த மலைக்கு அண்ணி விலா இருக்கு? எந்த மலைக்கு வாய் இருக்கு?"

"எல்லாத்துக்கும் இருக்கு" என்றாள் மருமகள், பழக்கதோஷத்தில்.

"பாத்தியா நக்கலை!" என்றாள் மாமியார். "இடுப்பு ஒடிஞ்சு நடக்கமாட்டாம கிடக்கறவ இவளுக்குப் பாரமாயிட்டேன். என் புள்ள மலையில உயிரைக் கொடுத்து வேலை பாக்கறான். அங்க இருக்கறவங்களுக்கெல்லாம் அவன் தலைவன்! இவ வீட்ல உக்காந்து பொட்டியைப் பாத்துக்கிட்டு, என்னைக் கொல்ல ஆள் பேசறா..."

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

மருமகள் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் முட்டியது. ‘மாமியார்’ என்று பெயர் வைத்தது அவள்தான். கல்யாணமான புதிதில், தினமும் முணுமுணுத்துப் புகைந்துகொண்டே இருக்கும், ஆனால் யாருக்கும் கெடுதல் செய்யாத அந்த மலைக்கு விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மலை முழுசாக வெடித்தால் சாம்பல் வானத்தை மூடும். இரண்டு வருஷம் எந்த நாட்டிலும் சரியான வெயில் இருக்காது, விளைச்சல் இருக்காது. தப்பி ஓட உலகத்தில் இடமில்லை என்பதால்தான் நாட்டைவிட்டு யாரும் ஓடவில்லை.

கைபேசி மறுபடி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியை அழுத்தினாள். மலையின் விலாவில், கடைசி அடைப்பு மட்டும் மிச்சமாகத் துளை போட்டு வைத்திருந்த முகாமிலிருந்து கணவன்.

"மூக்கு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது அணைஞ்ச அமைதியா, அடைச்ச அமைதியா? அணைஞ்சிருந்தா, துளையைத் திறந்து நாமளே எழுப்பி விட்ட மாதிரி ஆயிடும். அடைச்சிருந்தா..."

"அடைச்ச அமைதி. ஏரி சூடேறுது. போற வழி இல்லாம மூச்சு பக்கவாட்டுல முட்டுது."

"அப்ப திறக்கவா?"

அவள் வாய் திறந்தது, சொல் வரவில்லை.

"ஏன்டா இவகிட்டப் போயி கேக்கறே?" என்று மாமியார் கத்தினாள். "நீதானேடா தலைவன்?"

காற்றுச் சத்தத்துக்கு மேலே மகன் குரலை உயர்த்திச் சொன்னான்:

"அம்மா, இவ சொல்லாம இங்க ஒரு திருகு திரும்பாது. தலைவர் நாற்காலி முதல்ல இவளுக்குத்தான் வந்துச்சு. நீ விழுந்து இடுப்பு உடைஞ்ச வாரம். ‘அத்தையைத் தூக்கி உக்கார வைக்க வேத்து ஆள் வேணாம், நீங்க ஏத்துக்கங்க’ன்னா. உனக்குத் தெரிஞ்சா நீ நொந்துபோவேன்னு சத்தியம் வாங்கினா. இன்னைக்கு அதை மீறறேன்... நாளைக்குச் சொல்ல நான் இருப்பேனோ என்னவோ."

நாத்தனாரின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"என்ன செய்யப் போறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் மருமகளிடம்.

மருமகள் மூடியை எடுத்துப் பாத்திரத்தை இறுக மூடிக் காட்டினாள். "இப்ப மலை இப்படி இருக்கு. இந்த மூடியைக் கொஞ்சம் சாய்ச்சு விடப் போறோம், அத்தை. ஆவி கொஞ்சம் கொஞ்சமா போயிட்டா பொங்காது."

மாமியார் அவளை மேலும் கேள்வி கேட்டாள். மலைக்குள் நெருப்பா, கல்லா? கல் எப்படிக் குழம்பாகும்? அங்கே யார் அடுப்பு மூட்டினது? மருமகள் அழுகையை விழுங்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஏரிக்கோட்டைத் திரையில் காட்டினாள். கிழவியின் விரல் அந்தக் கோட்டின் மேலேயே ஊர்ந்தது.

"சாய்ச்சா ஆவி எந்தப் பக்கம் அடிக்கும்?"

மருமகள் தரையைப் பார்த்தாள். "அவர் நிக்கற பக்கம். துளை வாயில இருக்கற கடைசித் திருகைக் கையாலதான் திறக்கணும். திறந்ததும் பள்ளத்துக்குள்ள இறங்கிடணும்."

நாத்தனார் வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். மாமியார் அழவில்லை. மருமகளின் ஈரக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"அதுக்குத்தான் வாய் வராம நிக்கறியா? ஏதாவது ஆச்சுன்னா நான் உன்னைத் திட்டுவேன்னா?"

"அத்தை..."

"திட்டமாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லு. மாமியா வாயை மூடிட்டா எவ்வளவு ஆபத்துன்னு உனக்குத் தெரியாம வேற எவளுக்குத் தெரியும்?"

மருமகள் அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. கிழவியின் கை அவள் தலையைத் தடவியது. மருமகள் தலை நிமிர்த்திக் கைபேசியைப் பார்த்துச் சொன்னாள்:

"திறங்க. திறந்ததும் ஓடி வந்துடுங்க."

நண்பகலுக்குச் சற்று முன் துளை திறக்கப்பட்டது. விலாவிலிருந்து வெள்ளை ஆவி மூன்று வாரம் வெளியேறியது. ஏரியின் சூடு இறங்கியது. உச்சியில் பழையபடி புகை வந்தது. மகனுக்கு வலது கையிலும் கழுத்திலும் தீப்புண், இடது காது சரியாகக் கேட்பதில்லை. தலைவர் பொறுப்பு மருமகளுக்கு மாற்றப்பட்டது. மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பது இப்போது மகனின் வேலை.

மலைக்கு வேறு பெயர் வைக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று மாமியார் சொல்லி அனுப்பினாள். பெயர் மாறவில்லை.