ஓரடி பின்னால்

நாலரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி போட்டு, நின்றபடியே குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கேஸை மூடினேன். வீட்டைப் பூட்டினேன். அரியாங்குப்பத்தில் எனக்கு எல்லாக் காலையும் இப்படித்தான். அன்று ஒரே வித்தியாசம், செருப்பு போடவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஆட்டோ என்னை நல்லவாடு கடற்கரையில் இறக்கிவிட்டது. படகுகள் திரும்பியிருந்தன. வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடலைப் பார்த்துச் சிலுவை போட்டேன். திரும்பி மேற்கே நடக்க ஆரம்பித்தேன்.

அங்கிருந்து வில்லியனூர் மாதா கோயிலுக்குக் குறுக்கு வழியாகப் போனாலும் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. என் மனைவி குடும்பத்தில் வேண்டுதல் உள்ளவர்கள் இந்த வழியை வெறுங்காலோடு நடப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. கடலுக்கு முதுகு காட்டிய பிறகு, கோயில் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் ஏற்படுத்தியது என்று அவர்களுக்கே தெரியாது.

போன வருடம் இதே தேதியில் நானும் மரிய சுகந்தியும் இதே இடத்திலிருந்து கிளம்பினோம். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. வேண்டுதல் அவளுடையது. நான் இன்ஜினீயரிங் படித்தவன், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் குழாய்களைச் சோதித்துப் பார்க்கிறவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "வா சேவி" என்று அவள் கேட்டதால் போனேன்.

அவள் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில், காய்ந்துபோன ஏரிக்குள், வெயில் தாங்காமல் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இருபத்தொன்பது வயது.

பாதியில் நின்ற நடையை அப்படியே விடக் கூடாது என்று அவள் அம்மா செலின் மேரி வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவ நின்னுட்டா மாப்ள. நீங்களாவது நடந்து முடிச்சிக் குடுத்துடுங்க."

மறுக்க வேண்டுமானால் நிறையப் பேச வேண்டும். அதனால் சரி என்றேன். அவர் கோயிலில் காத்திருப்பதாகச் சொன்னார்.

சவுக்குத் தோப்பில் முதல்முறை கேட்டது.

கீழே காய்ந்த சவுக்கு இலை மெத்தைபோலக் கிடந்தது. என் கால் பட்டு அது நொறுங்கும் சத்தம். அதற்குள் இன்னொரு சத்தம். கொஞ்சம் லேசானது. நான் வலது காலை வைத்தால், அது ஒரு நொடி தாமதித்து வைத்தது. நின்றேன். அது இன்னும் ஓர் அடி வைத்துவிட்டு நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுப்பாடு ஞாபகம் வந்தது.

தவளக்குப்பத்தில் பெரிய ரோட்டைக் கடந்தபோது பஸ்களும் லாரிகளும் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டன. ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தூக்கம் சரியில்லை, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. காற்று இல்லை. ஒரு தோகைகூட அசையவில்லை.

சத்தம் திரும்ப வந்தது. இப்போது அதோடு சொட்டும் சத்தமும்.

போன வருடம் கிளம்பும் முன் சுகந்தி கடலில் தலை முழுகினாள். அவளுக்கு அடர்த்தியான முடி. சடையிலிருந்து வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அந்த வாசனை இப்போது கரும்புக்குள் நின்றது. உப்பு, ஈர முடி, அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? முதலில் கேட்டது அவள் அம்மா. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன்.

"நீ முன்னாடி போ, நான் வரேன்."

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் கட்டிச் சொன்னது. நல்ல வாக்கியம்தான். அதில் யாருடைய தப்பும் இல்லை. செலின் மேரி அதைப் பிடித்துக்கொண்டார். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடித்தபோது, சுகந்தி படத்துக்குக் கீழே அதைப் போடச் சொன்னார். உறவுக்காரர்கள் அந்த அட்டையை ஜெபப் புத்தகத்திலும் பர்சிலும் வைத்திருக்கிறார்கள். எல்லா அட்டையிலும் அவள் சிரித்துக்கொண்டே வருகிறேன் என்கிறாள்.

இப்போது வந்துகொண்டிருந்தாள்.

வேகமாக நடந்தேன். அவளும் வேகமாக வந்தாள்.

பத்து மணிக்கு ஏரி வந்தது. கரை ஏறி இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் பாளம் பாளமாக வெடித்த களிமண். நடுவில் மரம் கிடையாது, புதர் கிடையாது. தூரத்துக் கரையில் பனைமரங்கள் கானலில் நெளிந்தன. சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாகும் என்பதால் நடக்கிறவர்கள் ஏரிக்குள் இறங்கிவிடுவார்கள். போன வருடமும் சுற்றிப் போகலாம், கரையில் நிழல் இருக்கும் என்று சுகந்தி சொன்னாள். எனக்கு மதியம் ஷிப்ட் இருந்தது. அதைச் சொல்லித்தான் காலையிலிருந்தே சண்டை. நான் இறங்கினேன். அவளும் இறங்கினாள்.

கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளை அடையாளம் தெரிந்தது. காசம்மாள். போன வருடம் சுகந்தியின் தலையைத் தன் மடியில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவள். அவளுக்கும் என்னைத் தெரிந்தது.

"மறுக்கா இதுலயே எறங்குறியா? வூட்ல சோறு போட ஆள் இல்லன்னு உசுரு வெறுத்துப்போச்சா?"

வேண்டுதலை முடிக்க வந்திருக்கிறேன் என்றேன். அவள் கம்பை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு வருசமா கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு உன்ன ரெண்டு வாட்டி கூப்டுச்சு. இன்னா சொல்லிச்சுன்னு வெளங்கல. ஆனா கூப்டது எனக்கே கேட்டுது, கரை மேல. உனுக்கு கேக்கலியா?"

நான் குனிந்து காலில் குத்திய முள்ளைப் பிடுங்கினேன்.

"செவுடோன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அவள் ஆடுகளைப் பார்த்தாள். ஆடுகள் மேயவில்லை. எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பி, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. காசம்மாள் அவசரமாகக் கம்பால் தட்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரை ஏறிவிட்டாள்.

ஏரிக்குள் இறங்கினேன்.

களிமண் ஓடுகள் காலடியில் உடைந்தன. டப். எனக்குப் பின்னால், டப். வெயில் தலையில் இறங்கியது. சொட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. இந்த வெயிலில் எந்த ஈரமும் இருபது எண்ணுவதற்குள் காய்ந்துவிடும்.

அவள் விழுந்த இடம் எனக்குத் தெரியும். அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தெரியும்.

அங்கே நின்றேன்.

அவள் நின்றாள்.

பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

திரும்பினேன்.

யாரும் இல்லை. வெடித்த மண், வானம், தூரத்தில் கரை. என் காலடித் தடம் மட்டும் கோணலாக வந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணுக்கு முன்னால், ஒரு மண் ஓடு தானாக உடைந்தது. பிறகு அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. என்னைப் பார்த்து வந்து, ஓரடி தூரத்தில் நின்றது.

ஒரு வருடம் தாமதமாகத் திரும்பியது அவளுக்குப் போதவில்லை என்று புரிந்தது.

அதன் பிறகு கரிக்கலாம்பாக்கம், மங்கலம், ஆற்றுப் பாலம் எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று ஞாபகமில்லை. கோயில் வளாகத்துக்குள் நுழையும்போது மணி மூன்று இருக்கும். கூட்டமில்லை. குழாயடிப் பக்கம் செலின் மேரி தனியாக நின்றிருந்தார், கையில் பிளாஸ்டிக் வாளி, மக்.

நடந்து வந்தவரின் காலை வீட்டுப் பெண் ஒருத்தி கழுவிவிட வேண்டும். அதுதான் நடையின் முடிவு. வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. சிமென்ட் தரையில் குந்தி உட்கார்ந்து என் பாதத்தில் தண்ணீர் ஊற்றினார். கொப்புளம் உடைந்திருந்தது, எரிந்தது. முடித்துவிட்டீர்கள் மாப்ள, என் பெண் இனி நிம்மதியாக இருப்பாள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே தேய்த்தார். தண்ணீர் சரிவில் எனக்குப் பின்பக்கம் ஓடியது.

அவர் கை நின்றது.

அவர் பார்த்த இடத்தை நானும் திரும்பிப் பார்த்தேன். தரை முழுவதும் நனைந்திருந்தது. இரண்டு இடம் மட்டும் நனையவில்லை. சின்னப் பாதங்கள். விரல்கள் என் பக்கம்.

செலின் மேரி எழுந்து போய் அதன் மேல் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடியது. இன்னொரு மக். அப்போதும் அவை காய்ந்தே இருந்தன.

அவர் கத்தவில்லை. சிலுவை போடவில்லை. மக்கைக் கீழே வைத்தார். குனிந்து, பெற்றவள் பார்க்கிற மாதிரி, அந்த இரண்டு தடத்தையும் விரல் விரலாகப் பார்த்தார்.

"அட்டையில போட்டது அவ சொன்னதில்லன்னு எனக்கு அப்பவே தெரியும் மாப்ள. சின்னதுலேர்ந்து அவ யாரையும் முன்னாடி போவச் சொன்னதில்ல. தனியா நிக்க பயப்படுவா." முகத்தை முந்தானையால் துடைத்தார். "அந்தப் பொய் எனக்கும் தேவையா இருந்துது. அதான் கேக்கல. இப்ப கேக்கறேன். நெசமா இன்னா சொன்னா?"

ஈர முடியின் வாசனை தோளில் இறங்கியது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூப்பிட்டது காதில் நன்றாகக் கேட்டது. முதல் தடவை, கண் இருட்டுகிறது, நில்லு என்றாள். நான் நடந்துகொண்டே, "திரும்பக் கூடாதுன்னு நீதான சொன்ன" என்றேன். காலைச் சண்டைக்கு அது நல்ல பதிலாக இருந்தது. அதற்கு அவள் ஒன்று சொன்னாள். அதற்கும் திரும்பவில்லை. இருநூறு அடி தாண்டித்தான் பின்னால் சத்தமில்லை என்று கவனித்தேன்.

நான் பேசி முடிப்பதற்குள் வெயிலில் தரை காய்ந்திருந்தது. அந்த இரண்டு பாதம் மட்டும் இப்போது ஈரமாக இருந்தது.

செலின் மேரி அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்குக் கிளம்பியபோதும் எழுந்திருக்கவில்லை. என்னோடு ஓரடி பின்னால் சத்தம் வந்தது. இது நடந்து நாற்பது நாளாகிறது. இப்போதும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் நின்று, திரும்பிப் பார்க்கிறேன்.

அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"சேவி, ஒரு தடவ திரும்பிப் பாரு. மாதா கோச்சிக்க மாட்டாங்க."