சாவாத சவரி மாமா

செத்துப்போவதில் மீனவர் சிலுவையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் ரதீஷும் கூட்டாளிகளும் நடத்தும் ‘உப்புக்காத்து’ இணையச் சேனலில் ‘சாவாத சவரி மாமா’ என்றொரு சிரிப்புத் தொடர் உண்டு. கடலுக்குப் போகாத நாட்களில் சிலுவைதான் சவரி மாமா. வாரம் தவறாமல் சாவார். புளியங்கொட்டை தொண்டையில் சிக்கிச் சாவார். கொழுந்தியாள் பாட்டைக் கேட்டுச் சாவார். கடைசியில் எழுந்து உட்கார்ந்து, “சோறு ஆச்சா?” என்பார். துபாயில் இருப்பவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தச் சிலுவையைத்தான் பாவிக் கடல் கொண்டுபோய்விட்டது. தேடி எடுத்து, இன்று காலை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கோயில் மணி அடித்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள்.

மகள் ஷெர்லி ஏழாம் வகுப்பு. அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தம்பி சுஜின் மட்டும் ஒரு சொட்டு அழவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியோரம் நின்றான்.

“சின்னப் புள்ள, அவனுக்கு என்ன தெரியும்?” என்றார்கள் பெண்கள்.

ஷெர்லிக்கு அப்படிப் படவில்லை. அவனருகே குனிந்தாள். “எதுக்கு மக்கா வாயப் பொத்திட்டு நிக்க?”

“சத்தம் போடப்பிடாதுல்லா,” என்று கிசுகிசுத்தான் சுஜின். “சத்தம் போட்டா முதல்ல இருந்து திருப்பியும் சாவணும்னு ரதீஷண்ணன் சொல்லுமே. அப்பா பாவம்லா.”

ஷெர்லி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள், அவளால் முடியாது. பெட்டியை மூடும்போது இந்தப் பிள்ளை என்ன ஆவான்? அதற்கு முன்னால் யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். பந்தல் காலில் சாய்ந்து நின்றான் ரதீஷ்.

“அண்ணா, இவன் ஷூட்டிங்னு நெனச்சிட்டு நிக்கான். நீங்க சொன்னாத்தான் நம்புவான்.”

ரதீஷ் முழங்காலிட்டு, வெறுங்கைகளை விரித்துக் காட்டினான். “கேமரா இல்ல மக்கா. இது நம்ம படம் இல்ல, நெசமாக்கும். அப்பாவ என்னால எழுப்ப முடியாது.”

சுஜின் அக்காவைப் பார்த்தான். “எழும்பவே மாட்டாவளா?”

“மாட்டாவ மக்கா.” ஷெர்லி அவனை இறுக்கிக்கொண்டாள்.

“அப்பம், சத்தம் போடலாமா?”

“போடு மக்கா. அப்பா இனித் திருப்பிச் சாவாண்டாம்.”

சுஜின் வாயிலிருந்து கையை எடுத்தான். அவன் அழுத அழுகை கடற்கரை வரைக்கும் கேட்டது. கட்டிப்போன தொண்டையோடு ஷெர்லியும் கூடவே அழுதாள்.