கதவுக்காரி

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பான காட்சியில், மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்த இடுக்கில் நான்கு விரல்கள் தெரிந்தன. முதலில் அதைக் கவனித்தது தொடரை எழுதியவளும் அல்ல, எடுத்தவரும் அல்ல. நேயர்கள் கூடிக் கதை பேசும் இணையக் குழுவில் யாரோ ஒருவர் அந்தக் காட்சியை நிறுத்திப் படம் பிடித்து, விரல்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இவள் யார்?' என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலைக்குள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கதவுக்காரி.

தொடரை எழுதுகிறவளை எல்லாரும் ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னாள். ஜன்னல் இல்லாத அறை. பழைய கம்பளமும் ஆறிப்போன காப்பியும் சூடேறிய இயந்திரங்களும் கலந்த ஒரு வாடை எப்போதும் அங்கே தங்கியிருக்கும். திரையில் மருமகள் அழுதுகொண்டே படியில் இறங்கினாள். அவள் தோளுக்குப் பின்னால் கதவு. கதவில் விரல்கள். நகம் வெளுத்து, தண்ணீரில் வெகுநேரம் ஊறியதுபோல் தோல் சுருங்கி.

"லைட் ஆளுங்க யாராவது நின்னிருப்பாங்க," என்றாள்.

எடிட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டாத காட்சியை ஈவிரக்கமில்லாமல் வெட்டுகிறவர் என்பதால் அவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். "எங்கே நிப்பாங்க? அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஒன்றுமில்லை. அது அலங்காரத்துக்கு வைத்த பொய்க்கதவு. பலகையை ஆணி அடித்து அரங்கின் செங்கல் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். எறும்பு போவதற்குக்கூட இடம் கிடையாது.

இயக்குனருக்கோ தலைகால் புரியவில்லை. பல மாதமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தொடர் அது. இழுத்து மூடிவிடலாமா என்று தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த வாரம் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறிவிட்டது.

"தானா வந்த லட்சுமியை யாரு என்னன்னு விசாரிக்கக்கூடாது," என்றார். "எழுதுங்க."

"யாருன்னே தெரியாம என்னத்தை சார் எழுதுறது?"

"அதான் ஜனங்க சொல்றாங்களே. உக்காந்து படிங்க. எது நல்லா இருக்கோ அதை எடுத்துக்குங்க."

படித்தாள். மாமியாரின் இரட்டைச் சகோதரி என்றார் ஒருவர். ராத்திரி பால் திருடிக் குடிக்கும் சமையல்காரி என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நகத்தின் நீளத்தை வைத்து, ஆளுக்கு நாற்பது வயது இருக்கும் என்று பக்கம் பக்கமாக வாதாடியிருந்தார். ஆனால் அதிகம் பேருக்குப் பிடித்திருந்தது ஒன்றுதான். அவள் அந்த வீட்டுக்காரரின் மூத்த தாரம். கிணற்றில் விழுந்து செத்தாள் என்று எல்லாரும் நம்புகிறார்கள், சாகவில்லை. அவள் தலைமுடி இன்றுவரை காயவில்லை. தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அது நன்றாகத்தான் இருந்தது. மருமகளுக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: 'இங்கே ஏதோ ஈர வாடை அடிக்குதே.' வேறு எதுவும் எழுதவில்லை. வேறு எதையும் படமாக்கவும் இல்லை.

எடிட்டிங் அறையில் பார்த்தபோது, கதவிடுக்கில் விரல்களுக்கு மேலே ஒரு கற்றை முடி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து நீர் சொட்டியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே நடையில் அந்த வாடை மூக்கில் ஏறியது. வாரக்கணக்கில் வாளியில் கிடந்த துணியைப் பிழிந்தால் வருமே, அது. பாப்பா படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலை நிமிர்த்தி, "அம்மா, துணி காயலையா?" என்று கேட்டாள். அவள் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். அப்பா கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளை. அம்மாவுக்கு வேலை முடியும் வரை பெரியம்மாதான் வந்து கூட இருப்பாள். அக்காவிடமும் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், தூக்கம் இல்லாமல் புத்தி கெட்டுவிட்டது என்பாள். அதுவும் உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்கே ஒரு நப்பாசை.

அடுத்த வாரம் குழுவில் வேறொன்று கிளம்பியது. கிணற்றில் விழுந்தவளுக்குக் கால் முறியாமலா இருக்கும்? ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். ஆயிரக்கணக்கானோர் ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது மேலே சத்தம் கேட்டது. மேல்வீடு வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு காலடி. பிறகு தரையில் ஈரச்சாக்கை இழுப்பதுபோல ஒரு தேய்ப்பு. மறுபடி ஒரு காலடி. நடையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சரியாகப் பாப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே. அங்கே நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் ஊகிக்கவில்லை. உண்டாக்குகிறார்கள்.

கத்திரியிடம் மட்டும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் காட்சி ஓடும்போது நான் பேச்சை நிறுத்திடுறேன்மா," என்றார். "நான் பேசினா அது தலையைச் சாய்ச்சுக் கேக்குது." மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் கிணற்றை மூடுவதுதான் வழி. அவள் இயக்குனர் முன்னால் போய் நின்றாள். இந்த வாரம் கதவைத் திறக்கிறோம், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார், கெஞ்சினார், கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆணியைப் பிடுங்கி, பலகையை முன்னால் நகர்த்தி, பின்னால் துடைப்பமும் காலி டப்பாக்களும் போட்டு ஒரு சின்ன அறை கட்டினார்கள். மருமகள் கதவைத் திறக்கிறாள். உள்ளே சமையல்காரி உட்கார்ந்து திருட்டுப் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதவுக்காரி. ஊரே சிரித்து மறந்துபோகட்டும் என்றுதான் அப்படி எழுதினாள்.

ஊர் சிரிக்கவில்லை.

அது ஒளிபரப்பான மறுநாள் மழை பிடித்துக்கொண்டு, நாலு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. அலுவலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்து அவள் குழுவைத் திறந்தாள். ஏமாற்றிவிட்டார்கள், காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று வசவு மேல் வசவு. அதற்கு நடுவே புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: 'கதவைத் திறந்தப்போ அவ இல்லைன்னா என்ன அர்த்தம்? ஏற்கெனவே வெளியே போயிட்டா.'

'எங்கே போயிருப்பா?' என்று இன்னொருவர்.

'வேற எங்கே? அவளைக் கொல்லப் பார்த்த ரைட்டர் வீட்டுக்குத்தான்.'

கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் பிடித்திருக்கிறது என்று அழுத்தியவர்களின் எண்ணிக்கை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடியது.

'போய் என்ன செய்வா?'

'ரைட்டர் இடத்துல அவ உக்காந்துக்குவா. அப்பவாவது கதை உருப்படும்.'

'ரைட்டருக்குப் பிள்ளை இருக்கா?'

'பிள்ளையைத் தேடித்தானே இத்தனை நாளா நிக்கிறா.'

அவள் வேறொரு பெயரில் நுழைந்து எழுதினாள். 'தயவுசெஞ்சு இப்படிச் சொல்லாதீங்க. அவ செத்துட்டா. கிணத்துலயே செத்துட்டா. அதுதான் கதை.' யாரும் மதிக்கவில்லை. மறுபடி எழுதினாள். 'உங்க காலில் விழுறேன். வேற ஏதாவது நினைங்க. எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கு.'

இந்தத் தடவை கவனித்தார்கள்.

'டேய், ரைட்டரே வந்துட்டாங்க,' என்று ஒருவர் எழுதினார். 'அப்போ நாம சொன்னது சரிதான்.'

எண்ணிக்கை பாய்ந்தது.

அவள் கைப்பையை மறந்து, கைபேசியையும் சாவியையும் மட்டும் அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வாடகைக் கார் கிடைத்தது. மழை வலுத்தது. கண்ணாடியில் வழியும் நீருக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்குகள் நகராமல் நின்றன. காருக்குள் ஓட்டுநரின் ஈரச்சட்டையின் வாடை அடிக்க, அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

"என்னடி?" என்றாள் அக்கா. பின்னணியில் பேருந்தின் இரைச்சல்.

"அக்கா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உடனே வெளியே வா. உன் வீட்டுக்குப் போயிடு. எதுவும் கேக்காதே."

"பாப்பாவையா? என்ன உளர்றே? நீதானே வீட்டில இருக்கே."

அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் அப்பவே கிளம்பிட்டேனே. நீ சீக்கிரம் வந்துட்டியேன்னு சந்தோஷமா இருந்துச்சு. இந்த மழையில இப்படியா நனைஞ்சு வருவே? முடியெல்லாம் மூஞ்சியில விழுந்து... துவட்டிக்கோன்னு துண்டு எடுத்துக் குடுத்தேன். ஒரு வார்த்தை பேசலை நீ. என் மேல ஏதாச்சும் கோபமா?"

"அக்கா."

"காலுக்கு என்னாச்சு? ஏன் அப்படி இழுத்துக்கிட்டு நடந்தே?"

போன் மடியில் விழுந்தது. ஓட்டுநரிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த முக்கிலேயே இறங்கி மழையில் ஓடினாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ். தோளால் இடித்தாள். அக்கம்பக்கம் யாரையோ கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் போனாள். கூடத்து ஜன்னல். கண்ணாடி மூடியிருந்தது. அதற்கு உட்புறம் கம்பி. திரைச்சீலை பாதி விலகியிருந்தது.

பாப்பா இருந்தாள்.

சின்ன நாற்காலியில், காலை ஆட்டிக்கொண்டு. அழவில்லை. பயந்திருக்கவில்லை. அவளுக்கு எதிரே தரையில் ஒருத்தி. ரைட்டரம்மாவின் நைட்டி. தலையில் அக்கா கொடுத்த துண்டு. ஒரு கால் மடங்கியிருந்தது. இன்னொன்று, மடங்கக்கூடாத பக்கமாக நீண்டிருந்தது. அவளைச் சுற்றித் தரையில் தண்ணீர்.

அவள் மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

முகம் இல்லை.

பிசைந்து வைத்த மாவுபோல், வழுவழுவென்று, வெள்ளையாக, ஈரமாக. குழுவில் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியாது. எழுதுகிறவளின் முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? எல்லாவற்றையும் சொன்னவர்களுக்கு அது மட்டும் தெரியாது.

பாப்பாவுக்குத் தெரியும்.

"கண்ணு பெருசா இருக்கும்," என்றாள் பாப்பா. விடுகதைக்குப் பதில் சொல்லும் உற்சாகம் குரலில். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மெலிசாகக் கேட்டது. "கீழே கறுப்பா இருக்கும். எங்கம்மா தூங்கவே மாட்டா."

மாவில் இரண்டு குழிகள் விழுந்தன. குழிக்குள் ஏதோ உருண்டு, மேலே வந்து, ஈரமாக இமைத்தது. அடியில் கருவளையம் படர்ந்தது.

ரைட்டரம்மாவின் கண்கள்.

"வேண்டாம் பாப்பா," என்று கத்தினாள். கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள். "சொல்லாதே. ஒண்ணும் சொல்லாதே."

பாப்பா யோசித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நினைவுக்கு வரவில்லைபோல. சுற்றிலும் பார்த்தவள், ஜன்னலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. தெரியாத கேள்விக்குப் பதில் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் எழுதியிருந்தால் வருமே, அந்தச் சந்தோஷம்.

"இதோ," என்று விரல் நீட்டினாள். "இந்த மாதிரி."

அந்தக் கண்கள் ஜன்னலுக்குத் திரும்பின. பார்த்தன. நிதானமாக. மாவின் நடுவில் மூக்கு எழும்பியது. நெற்றி மேடானது. கன்னம் ஒட்டியது.

ஓடிவிடலாம். ஓடினால் முகம் பாதியில் நிற்கும். ஓடினால் பாப்பா உள்ளே அதனோடு இருப்பாள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மழை. மழை மட்டும்.

பிறகு கண்ணாடியில் ஒரு சின்ன விரல் தட்டியது. ஒரு தரம். இன்னொரு தரம்.

"கையை எடுங்க," என்றது குழந்தையின் குரல். அவள் பெற்ற பிள்ளை அவளிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இன்னும் எங்கம்மாவுக்கு வாய் வரலை."