புலிப் போர்வைக்குள் பன் மாவு

யும்னாவின் வாப்பா சவூதியில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறார். அந்தத் தெருவுக்கே அவர் சுட்ட பன்தான் காலை உணவு. அவரோ ஆறிப்போன டீயோடு எதையாவது நின்றபடியே விழுங்கிவிட்டு, அடுத்த தட்டை அடுப்புக்குள் தள்ள ஓடிவிடுவார். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யும்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர் திங்கட்கிழமை மறுபடி கிளம்புகிறார். அதற்குள் ஒரே ஒரு தடவையாவது வாப்பாவை உட்காரவைத்து, தன் கையால் பஞ்சு மாதிரி பன் சுட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று யும்னா முடிவு செய்தாள். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஞாயிறு அன்று வாப்பா விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு மறுபடி படுத்தார். உம்மா கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனார். யும்னா அதில் ஒரு வீடியோவைப் பார்த்து மைதா, ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான பால் எல்லாம் சேர்த்துப் பிசைந்தாள். தம்பி இர்பானும் உதவி செய்தான். அதாவது, சர்க்கரை தின்றான்.

மாவை நன்றாகப் போர்த்தி, கதகதப்பான இடத்தில் வைக்கச் சொன்னார் வீடியோ அக்கா.

போர்த்துவதற்கு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாப்பா முதல் பயணத்தில் கொண்டுவந்த, புலிப் படம் போட்ட கம்பளிப் போர்வை. அவர்கள் ஊரான பெரியபட்டினத்தின் வெயிலில் அதைப் போர்த்தினால் ஆளே வெந்துவிடுவார். அதனால் அது எப்போதும் பீரோவில் இருக்கும். விருந்தாளி வந்தால் உம்மா எடுத்துக் காட்டுவார்.

யும்னா மாவுச் சட்டியைப் புலிக்குள் இறுக்கமாகச் சுற்றி அறையின் மூலையில் வைத்தாள். அது சித்திரை மாதம். மின்விசிறிக்கே வியர்க்கிற நாள்.

யும்னா விளையாடிவிட்டு வந்தபோது இர்பான் அறை வாசலில் பயந்துபோய் நின்றான்.

"லாத்தா, புலிக்கு வயிறு வீங்குது."

யும்னா ஓடிப்போய்ப் போர்வையைப் பிரித்தாள். மாவு சட்டியைத் தாண்டி வழிந்து, புலியின் மீசையெல்லாம் ஒட்டியிருந்தது. புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாப்பாவ எழுப்பவா? அவுக ஒரு நிமிசத்துல சரி பண்ணிருவாக" என்றான் இர்பான்.

"எழுப்புனே, உதைதான். அவுக இன்னைக்கு வேலை பாக்கக் கூடாதுலே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோவை மறுபடி பார்த்தாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வீடியோ அக்கா தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊர் மாவுக்குத்தான் போர்வை வேண்டும். இந்த ஊர் மாவுக்கு விசிறிதான் வேண்டும்.

போர்வையில் ஒட்டாமல் சட்டிக்குள் மிஞ்சிய மாவை மட்டும் எடுத்தாள். புளிப்புக் குறைய இன்னும் கொஞ்சம் மைதாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தாள். உருண்டை பிடித்து, ஈரத்துணியால் மூடி, காற்று வருகிற ஜன்னலோரம் வைத்தாள். இந்தத் தடவை விளையாடப் போகவில்லை. பக்கத்திலேயே காவல் இருந்தாள்.

உம்மா வந்து புலியைப் பார்த்துத் திகைத்துப்போனார். யும்னா எல்லாவற்றையும் சொல்லி, போர்வையைத் தானே துவைத்துவிடுவதாகவும் சொன்னாள். வாப்பா தூங்கியதால் உம்மா கிசுகிசுவென்றுதான் திட்ட முடிந்தது. அதனால் திட்டு சீக்கிரமே தீர்ந்துபோனது. பிறகு அவரே, ஓவனுக்குப் பதிலாக, கனமான சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, பன் தட்டை உள்ளே இறக்கி மூடினார்.

பன் வாசனை வந்ததும் வாப்பா பதறி எழுந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தாராம். நேராகச் சமையலறைக்குள் வந்து கையைக் கழுவினார்.

யும்னா குறுக்கே நின்றாள். "நீங்க போயி உக்காருங்க வாப்பா. இது என் கடை."

வாப்பா பாயில் உட்கார்ந்தார். தட்டில் வந்த பன்னில் ஒன்று கோணல், இன்னொன்றுக்கு அடி கருகல். அவர் பழக்கத்தில் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, விரலால் அமுக்கினார். அது அமுங்கி மெல்ல எழும்பியது. யும்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பா ஒன்றைத் தின்றார். அடுத்ததையும் எடுத்துத் தின்றார்.

"எத்தனை வருசமா பன் சுடுறேன். எனக்குன்னு ஒருத்தர் சுட்டுக் குடுத்தது இன்னைக்குத்தான்மா" என்றார். யும்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்னும் எடுத்துவர எழப்போனவர், மகள் முறைப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி சம்மணம் போட்டுக்கொண்டார். காலித் தட்டை நீட்டினார்.

"முதலாளி, இன்னும் ரெண்டு பன்."

முதலாளி சமையலறைக்கு ஓடினாள்.