மார்க்கி மேல் விழுந்த பழி

மணி 12.25. ஃபிர்மேன் வெங்காய சூப் சட்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். சுவர்க் கம்பியில் மாட்டியிருந்த கொக்கி இருந்தது. தொடை இல்லை.

சட்டி கீழே விழவில்லை. அதை மட்டும் அவர் பிற்பாடு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

தொடை என்றால் சாதாரணத் தொடை அல்ல. உப்பிட்டு உலர்த்தி, வெள்ளைத் துணியில் தைத்துக் கட்டிய முழுப் பன்றித் தொடை. ஒவ்வொரு அக்டோபரிலும் மலைச் சைக்கிள் ஓட்டத்தன்று கால்வாயின் ஆறாம் மதகில், ஓய்வுபெற்ற மதகுக் காவலர் ஃபிர்மேன் வீட்டு வாசலில்தான் அது தொங்கும். சைக்கிள்காரர்கள் அங்கே இளைப்பாறி, அதன் எடையை ஊகித்துச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மூன்று மணிக்கு எடை பார்ப்பார்கள். கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னவருக்கே தொடை.

கொக்கிக்குக் கீழே மேசை. மேசைக்குக் கீழே மார்க்கி, குட்டைக்கால் வேட்டை நாய், நல்ல தூக்கத்தில் இருந்தது. அதன் மோவாய்க்கு அடியில் தொடையைச் சுற்றியிருந்த துணி.

மணி 12.40. எண்பது சைக்கிள்கள் மதகடியில் சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஆற்றங்கரையின் கறுப்புச் சேறு. மதகுக்குப் பின்னாலிருக்கும் செங்காட்டு மேட்டு ஏற்றம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதை நினைத்தே பலர் இரண்டாவது கோப்பை மதுவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேயர் கிஸ்லேன் அம்மாள் துணியைத் தூக்கிக் காட்டினார்.

"போன வருஷம் மூணு சாசேஜ். ஏப்ரல் மாசம் தபால்காரரோட ரொட்டி. இப்போ இது. மூணு தடவை ஆச்சு, ஃபிர்மேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நகரத்து நாய்க் காப்பகத்துல இருந்து வண்டி வரும்."

"மேயரம்மா, ஏழு கிலோ தொடை! அவ்வளவையும் இவன் தின்னா வயிறு வெடிச்சிருக்காதா?"

"தின்னானோ புதைச்சானோ. துணி இங்கதானே இருக்கு?"

"இவன் போயிட்டா நான் யாரோட பேசுவேன்? இந்தத் தண்ணியோடவா?"

ஃபிர்மேனுக்கு எழுபத்திரண்டு வயது. மதகை இயந்திரமாக்கிய பிறகு அந்த வீட்டில் அவருக்கு மிஞ்சியது மார்க்கி மட்டும்தான். இன்றைக்குக்கூட இரண்டு சீட்டு எழுதிப் போட்டிருந்தார். ஒன்று தன் பெயரில், ஒன்று மார்க்கி பெயரில். 'குடும்பத்துக்கு ரெண்டு ஓட்டு' என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்.

கூட்டத்தின் பின்வரிசையில் மயேல் நின்றிருந்தாள். வார நாட்களில் அவள் போலீஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் வரை சேறு படிந்த ஒரு சைக்கிள்காரி. சீருடை இல்லாமல் நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே அவளுக்குக் காது சிவந்துவிடும். சனிக்கிழமைகளில் ஓரெலின் இறைச்சிக்கடை வரிசையில்கூட யார் முகத்தையும் பார்க்காமல், சுவரில் வரிசையாக, ஒன்றுபோலத் திரும்பித் தொங்கும் காலிக் கொக்கிகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இப்போது அவள் மேசையைப் பார்த்தாள். மார்க்கியின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் தட்டு நிறைய சாசேஜ் துண்டுகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

பிறகு கொக்கியைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். விரலில் ஒரு சின்னக் கட்டு. காலையில் ஓட்டம் தொடங்கும் முன் ஃபிர்மேனுக்கு உதவியாகத் தொடையைத் தூக்கி மாட்டியபோது, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கொக்கி முனை கிழித்த காயம்.

இப்போது அந்த முனை சுவரைப் பார்த்திருந்தது.

மயேலின் காது சிவந்தது.

"மேயரம்மா… வண்டிக்கு இன்னும் போன் பண்ணாதீங்க."

"ஏன்?"

"கொஞ்சம் கேக்கணும். ஃபிர்மேன் ஐயா, தொடையைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"பன்னெண்டு அஞ்சு. பத்துக்கு உள்ள போனேன்."

"உள்ள போனப்போ வெளிய யாரு இருந்தாங்க?"

"ஒருத்தரும் இல்லை. நீங்கல்லாம் பன்னெண்டரைக்கு மேலதானே வந்தீங்க."

"வெளிய வந்ததும் கொக்கியைத் தொட்டீங்களா?"

"தொடையே இல்லை, கொக்கியை எதுக்கும்மா தொடணும்?"

மணி 12.50. கால்வாய்ப் பாதையில் மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. இறைச்சிக்கடை ஓரெல். தொடையைக் கொடுத்த புண்ணியவான். மின்கலம் வைத்த புத்தம் புதுச் சைக்கிள். காலையில் புறப்படும் இடத்தில் மின்கலத்தில் எவ்வளவு சக்தி மிச்சம் என்று காட்டும் ஐந்து பச்சை விளக்குகளையும் குழந்தையின் பல்லைக் காட்டுவதுபோல எல்லோருக்கும் காட்டியிருந்தார்.

"என்ன சாவு வீடு மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னார்கள்.

"ஐயோ! பதினாலு மாசம்! என் மாடியில, என் கையால உப்புத் தேய்ச்சுத் தொங்கவிட்டது! பெரியவரே, உங்க நாய்க்கு நல்ல நாக்கு, அதை ஒத்துக்கறேன்."

"நீங்க எப்போ கிளம்புனீங்க, ஓரெல் சார்?" என்றாள் மயேல்.

"பன்னெண்டரைக்கு. கடையைச் சாத்திட்டு நேரா கால்வாய் ஓரமா வரேன். ஒன்பது கிலோமீட்டர், ஒரு மேடு கிடையாது. உங்களை மாதிரி காட்டுல உருள எனக்கு என்ன தலையெழுத்தா?"

"வண்டியைப் பிடிக்கவா?"

"பிடிம்மா, கனமா இருக்கும், பாத்து."

மயேல் சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். கால்வாய்ப் பாதை முழுக்க வெள்ளைச் சரளை. ஓரெலின் சக்கரப் பள்ளங்களில் சிவப்பு மண் அப்பியிருந்தது. கைப்பிடிக்கு நடுவே ஒரே ஒரு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கொக்கியைக் கழற்றினாள்.

"மேயரம்மா, இதைத் திரும்ப மாட்டுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா."

மேயர் மாட்டினார். முனை வெளிப்பக்கம். ஃபிர்மேன் மாட்டினார். முனை வெளிப்பக்கம், கூடவே "நாசமாப் போற கொக்கி" என்று சட்டைக் கையை விடுவித்துக்கொண்டார்.

"ஓரெல் சார், நீங்க."

"இது என்ன விளையாட்டு? போலீஸ்ல இதெல்லாமா சொல்லித் தராங்க? நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்கப்பா கடையில…" பேசிக்கொண்டே கொக்கியை வாங்கினார். கம்பியைப் பார்க்கக்கூட இல்லை. மாட்டினார். கட்டைவிரல் தானாக ஒரு திருப்புத் திருப்பியது. முனை சுவரைப் பார்த்தது.

மயேல் முக்காலியிலிருந்து இறங்கினாள். இப்போது காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"காலிக் கொக்கியோட முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பறது இறைச்சிக்கடைக்காரங்க பழக்கம். போறவங்க வரவங்களைக் கிழிக்கக்கூடாது இல்லையா? உங்க கடையில இருபத்தி மூணு கொக்கி. எல்லாம் இப்படித்தான் இருக்கும். நாங்க மாட்டினப்போ முனை வெளிய இருந்துச்சு. பன்னெண்டு இருபத்தஞ்சுக்கு அப்புறம் யாரும் தொடலை. ஆனா முனை திரும்பியிருக்கு. மார்க்கி திருப்பியிருக்காது."

"அடடா! ஒரு கொக்கியை வெச்சு…"

"உங்க சக்கரத்துல செங்காட்டு மண். இங்க எண்பது பேர்ல ஒருத்தரும் இன்னும் அந்த மேட்டுல ஏறலை. சமதரையில ஒன்பது கிலோமீட்டருக்கு நாலு விளக்கு அணையாது, ஓரெல் சார். மேட்டுல ஏழு கிலோவைத் தூக்கிட்டு முழு வேகத்துல ஏறினா அணையும். மேட்டு உச்சியில வேட்டைக்காரங்க குடிசை ஒண்ணுதான் இருக்கு. போய்ப் பாக்கலாமா?"

ஓரெல் குனிந்து சக்கரத்து மண்ணை விரலால் சுரண்டினார்.

"அவரோட தொடையை அவரே எதுக்குத் திருடணும்?" என்றார் மேயர்.

"காலையில நீங்க சொன்னீங்களே. போன வருஷம் துணியோட எடை எவ்வளவுன்னு சண்டை வந்துச்சு, அதனால இந்தத் தடவை துணியைப் பிரிச்சுட்டுத்தான் எடைன்னு. துணிக்கு அடியில என்னமோ இருக்கு."

அதை ஓரெலின் முகமே சொல்லிவிட்டது.

மணி 2.10. குடிசையின் அடுப்புப் புகைபோக்கிக்குள்ளிருந்து தொடை வந்து சேர்ந்தது. அதன் தோலில், நீல மையில், வட்டமாக, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏதோ தொழிற்சாலையின் முத்திரை.

"பதினாலு மாசம் மாடியில," என்றார் ஃபிர்மேன்.

"எலி புகுந்துடுச்சு பெரியவரே," ஓரெல் தரையைப் பார்த்தபடி முனகினார். "எல்லாத் தொடையும் போச்சு. ஊருக்குள்ள எப்படிச் சொல்றது? பதினொன்றரைக்கே கடையைச் சாத்திட்டு வந்தேன். துணியை மட்டும் நாய்க்குப் போட்டேன். வண்டி வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சதும் வாயைத் திறந்திருக்கலாமே," என்றார் மேயர். "அடுத்த வருஷம் காட்டுப் பாதையில மொத்த ஓட்டத்தையும், நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓட்டறீங்க. மின்கலம் என் மேசை இழுப்பறையில இருக்கும்."

சைக்கிள்காரர்கள் தொடையைத் தூக்கிப் பார்த்துத் தங்கள் சீட்டுகளை எழுதிப் பெட்டியில் போட்டார்கள். மூன்று மணிக்கு எடை பார்த்தார்கள். ஆறு கிலோ எண்ணூற்று முப்பது கிராம். மேயர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒதுக்கினார். கடைசியில் ஒரு சீட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு கிலோ எண்ணூறு." தொண்டையைச் செருமினார். "மார்க்கி."

மதகடி அதிர்ந்தது. எண்பது பேரும் சைக்கிள் மணியடித்தார்கள்.

ஃபிர்மேன் கத்தியை எடுத்து, முத்திரைக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு அறுத்து, மண்டியிட்டு நீட்டினார். "சாப்பிடுடா என் ராஜா. உன் சம்பாத்தியம்."

மார்க்கி எழுந்தது. முகர்ந்தது. ஓரெலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு துண்டைத் தொடாமல் திரும்பிப் போய், மேசைக்கு அடியில் அந்தத் துணியின் மேல் மறுபடி படுத்துக்கொண்டது.