மறுத்தாள்மேடு

“மறுத்தாள்மேடு... இதுதானாங்க?”

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய தென்றல் அப்படியே நின்றுவிட்டாள். பாதி விரித்த குடை பாதியிலேயே நின்றது. மழை தோளில் விழுந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அந்தப் பேரை அவள் காதுபட ஒருவர் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று...

பஸ் நிழற்குடைக்குக் கீழே ஒருவன் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு சைக்கிள். கேரியரில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மூட்டை. கன்டெய்னர் லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளம் ஒன்றில் விழுந்திருக்க வேண்டும், முன்சக்கரம் கோணிக்கொண்டு கிடந்தது. ஆளும் முழுக்க நனைந்திருந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கும் பள்ளத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தன.

“அப்படி ஒரு ஊரே இல்ல” என்றாள் வெடுக்கென்று. “போர்டைப் பாரு. எல்லையம்மன் நகர்.”

“போர்டைப் பாத்தேங்க. ஆனா ஏரி மதகுல ஒரு கல்லு இருக்கு. அடிச்ச சுண்ணாம்பு மழையில கரைஞ்சு எழுத்து தெரியுது. அதுல மறுத்தாள்மேடுன்னுல்லா போட்டிருக்கு?”

“அப்போ அந்தக் கல்லாண்டயே போய்க் கேளு.”

“கேட்டேன். பதில் சொல்ல மாட்டேங்கு. உங்க ஊர்ல கல்லும் மனுஷங்களும் ஒரே மாதிரி போல.”

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் குடையை விரிக்கவே இல்லை என்பது தெரிந்தது...

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா எல்லப்பன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் இல்லாத பெண்ணைத் தனியாளாக வளர்த்தவர். மூன்று ஏக்கர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகும் வேட்டி கசங்காமல், முதுகு வளையாமல் நடக்கிறவர்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வந்துடுவாங்க. சனிக்கிழமை ஓவர்டைம்னு எதையும் ஒத்துக்காதே” என்றார்.

மறைமலை நகர் மாப்பிள்ளை. பேர் சிவசங்கர். லைன் சூப்பர்வைசர். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தென்றலிடம் போட்டோவைக் காட்டினார்கள். பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார்கள். அது அந்தக் குடும்பத்தின் முறை.

*

மறுநாள் மதியம் பஸ் நின்றபோதும் அவன் அங்கேயே இருந்தான். எதிரில் யாக்கோபு அண்ணனின் பஞ்சர் கடையில், கையெல்லாம் கிரீஸாக.

“பாப்பா, இந்தத் தம்பி பேரு இசக்கிபாண்டி” என்று யாக்கோபு அண்ணன் சத்தமாக அறிமுகம் செய்தார். “திருநெல்வேலியாண்ட எங்கயோ போஸ்ட்மேனாம். லீவு போட்டுட்டு பதினெட்டு நாளா சைக்கிள்லயே வந்துகினு கீறாரு. எதுக்குன்னு கேளு. ஊர் பேருக்கெல்லாம் அர்த்தம் கேக்கறதுக்காம்! எனக்கு நாப்பது வருஷமா என் பேருக்கே அர்த்தம் தெரியாது.”

“ரிம்மு சனிக்கிழமைதான் வருமாம்” என்றான் அவன் அவளிடம். “அதுவரைக்கும் இந்த ஊர்தான் எனக்கு. இல்லாத ஊர்.”

“போஸ்ட்மேன்னா கடுதாசி குடுக்கறதோட நிக்கணும். ஊர் பேரு இன்னாத்துக்கு?”

“கடுதாசியைப் பிரிச்சுப் படிக்க முடியாதுல்லா? மேல இருக்க ஊர் பேரைத்தான் படிக்க முடியும். படிச்சுப் படிச்சுப் பைத்தியம் பிடிச்சிட்டு. நேத்து ஒரகடம் பக்கத்துல பண்ருட்டின்னு பாத்தேன். ஆசையா இறங்கிப் பலாப்பழம் கேட்டேன்... அந்தக் கடைக்காரர் இன்னும் சிரிச்சிட்டு இருப்பாரு.”

இந்த முறை உதட்டைக் கடிக்க நேரமில்லை. சிரித்துவிட்டாள். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திச் சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினான். அந்தத் தாழ்ந்த பார்வைதான் அவளை என்னவோ செய்தது...

“உங்களுக்குக் கடுதாசி வருமா?” என்று கேட்டாள், என்ன கேட்பதென்று தெரியாமல்.

“எங்க ஊருக்கு வர எல்லாக் கடுதாசியும் என் கைக்குத்தான் வரும். எனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணு வந்ததில்ல.”

*

வெள்ளிக்கிழமை அவளாகவே அந்தக் கடை முன்னால் நின்றாள். நாளை மறுநாள் ஞாயிறு. இந்தக் கேள்வியை இனி யாரும் அவளிடம் கேட்கப்போவதில்லை. பதில் சொல்லக்கூடிய கடைசி ஆளான அவளும் கல்யாணமாகி ஊரை விட்டுப் போகப்போகிறாள்.

“அந்தப் பேரு எங்க குடும்பத்தால வந்தது” என்றாள். யாக்கோபு அண்ணன் பம்பை எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கடையின் பின்பக்கம் போய்விட்டார்.

எல்லப்பனின் தாத்தாவோடு பிறந்தவள் ஒருத்தி. பரிசம் போட வந்து ஊரே கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பேச்சுக்கு, “இன்னாம்மா, சம்மதமா?” என்று கேட்டுவிட்டார். அவள் நிமிர்ந்து, “மாட்டேன்” என்றாள். வந்தவர்கள் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். ஆக்கிய சோறு ஏரிக்குப் போனது. அவளைப் பெற்றவர் அன்றைக்கு உள்ளே போய்ப் படுத்தவர்தான், வெளியே வந்தது பாடையில். அவள் மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, நாற்பது வருஷம் தனியாக இருந்து செத்துப்போனாள். ஊருக்குப் பேர் நிலைத்துவிட்டது.

“அதுக்கப்புறம் எங்க வூட்ல பொண்ணைக் கேக்கறதில்ல. தட்டு மாத்தின பிறகுதான் வெளியே கூட்டினு வருவாங்க. பஸ் கண்டக்டரு அந்தப் பேரைக் கத்துனா எங்கப்பா தலை குனிஞ்சுதான் இறங்குவாராம். தொழிற்பேட்டை வந்தப்போ மனு மேல மனு போட்டு ஊர் பேரை மாத்தினாரு. அந்தக் கல்லுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கறதும் அவருதான். போதுமா? எழுதிக்கோ.”

அவன் நோட்டை எடுக்கவில்லை.

“அவங்க ஏன் மாட்டேன்னாங்க?”

“தெரியாது.”

“யாருக்குமேவா?”

“யாரும் கேக்கலையே...” என்றாள். நாலு தலைமுறையாக அந்தப் பெண் மறுத்ததை மட்டும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை. பெற்றவர் கேட்கவில்லை. நாற்பது வருஷத்தில் அந்தக் குடிசைப் பக்கம் போன ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவன் மெல்லக் கேட்டான். “உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?”

அவள் திரும்பி நடந்தாள். கண்ணில் வழிவது மழையா என்று அவளுக்கே தெரியவில்லை...

*

இசக்கிபாண்டி ஒளிந்து பேசுகிற ஆள் இல்லை. அவர்கள் இருவரும் மூன்று நாளும் ஊர் பார்க்க, ரோட்டோரம்தான் பேசினார்கள். விரல்கூடப் படவில்லை. சனிக்கிழமை காலை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நேராக எல்லப்பனின் வீட்டுக்கே வந்தான்.

தென்றல் அடுக்களையில் கதவோரம் நின்றாள்.

“யாரு நீ? எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?” அப்பாவின் குரல்.

அவன் சொன்னான். ஊர் பேரைச் சொன்ன நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. பிறகு அவன் குரல் தெளிவாகக் கேட்டது. “உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்குய்யா. அவங்க மனசு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. முதல்ல உங்ககிட்டதான் கேக்கணும்.”



“மறைமலை நகர்ல வாக்கு குடுத்துட்டேன் தம்பி” என்றார் எல்லப்பன். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. “நீ ரோட்ல என் பொண்ணாண்ட பேசினது எனக்குத் தெரியும். நேரா வந்து கேட்டே பாரு, அதுக்காகத்தான் உக்கார வச்சுப் பேசறேன். ஆனா நாளைக்கு வரவங்க முன்னால என் வாக்கு நிக்கணும். எங்க குடும்பம் ஒரு தடவை அழிஞ்சது போதும். கிளம்பிடு. போனு, சேதி, எதுவும் கூடாது. வாக்கு குடு.”

“குடுக்கேன்யா” என்றான் அவன்.

கொடுத்துவிட்டானே... அவ்வளவுதானா? செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. ஓடிப் போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. மதியம் யாக்கோபு அண்ணன் வழியில் நிறுத்திச் சொன்னார்: “போயிட்டாரு பாப்பா. செம்பரம்பாக்கம் வழியா மெட்ராசுக்கு. அங்கேருந்து ரயிலு. நோட்ல இந்த ஊருக்குன்னு ஒரு பக்கத்தை வெறுமனே வுட்டுட்டாரு. இன்னா தம்பி எழுதலையான்னு கேட்டேன். ‘இது எழுதறதுக்கு இல்லண்ணே’ன்னாரு.”

அன்று முழுவதும் அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும் அல்லவா...

*

ஞாயிறு காலை. கூடத்தில் பாய் விரித்திருந்தது. சிவசங்கரின் தாய் மீனம்மாள் பட்டுப்புடவை சரசரக்க உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் பூவும் புடவையுமாகத் தென்றல். தட்டு கை மாறின பிறகு கூப்பிடுவார்கள். போய் நின்று கும்பிட வேண்டும். அத்தோடு முடிந்தது.

“தட்டை எடுங்க” என்று யாரோ சொன்னார்கள்.

மேட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்த அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிமிஷம், பக்கத்தில் யாரோ நிற்பது போல இருந்தது. கால்கள் தாமாக நடந்தன.

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பாவின் கையில் தட்டு.

“மாட்டேன்பா” என்றாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

சிவசங்கர்தான் முதலில் பேசினான். முகம் வெளுத்திருந்தாலும் குரல் பண்பாகவே இருந்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க...”

“யாரும் கேக்கலைங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. மன்னிச்சிடுங்க.”

மீனம்மாள் எழுந்தாள். “ஊர் பேரை மாத்திட்டா ரத்தம் மாறிடுமா எல்லப்பா? வாடா சிவா, எழுந்துரு!”

எல்லப்பன் தட்டைக் கீழே வைத்தார். வாசல்வரை போய், ஒவ்வொருவர் முன்பும் கை கூப்பினார். “தப்பு என் மேல” என்றார். அத்தனை பேரிடமும் அதே மூன்று வார்த்தை. கடைசி வண்டி திரும்பும்வரை முதுகு வளையவில்லை. பிறகு குடை எடுக்காமல், செருப்பு போடாமல், ஏரிப் பக்கம் நடந்தார்.

ஏரி... தென்றலுக்கு உயிரே போய்விட்டது. புடவை தடுக்க ஓடினாள்.

அவர் மதகுக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கல்லில் சுண்ணாம்பு முழுக்கக் கரைந்திருந்தது. அவள் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா இனி ஊரில் எப்படி நடப்பார்? எந்தப் பஸ்ஸில் ஏறுவார்? அவரைக் கொன்றுவிட்டேனே...

வெகுநேரம் கழித்து அவர் வாய் திறந்தார்.

“ஏன்?”

ஒரே ஒரு சொல். நாலு தலைமுறையில் யாரும் கேட்காத சொல்.

அவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அந்த... போஸ்ட்மேனை எனக்குப் பிடிச்சிருக்குப்பா. அவராண்ட நான் சொல்லலை. யாராண்டயும் சொல்லலை. அவரு உனக்குக் குடுத்த வாக்கை மீற மாட்டாரு, எனக்குத் தெரியும். போயிட்டாரு. அவரு வரமாட்டாரு. ஆனாலும் இன்னொருத்தர் முன்னால வந்து நிக்க முடியலைப்பா...”

எல்லப்பன் எழுந்து வீட்டுக்கு நடந்தார். அன்று சாப்பிடவில்லை. அவளோடு பேசவும் இல்லை.

*

திங்கட்கிழமை காலை தென்றல் ஷிப்டுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அவன் இருக்கிற இடத்துக்கு வழி கேட்கலாம் என்றால்கூட, எந்த ஊர் என்று தெரியாது. ஊர் ஊராகப் பேர் கேட்டவனிடம் அவன் ஊர் பேரை அவள் கேட்கவே இல்லை.

பத்து மணிக்கு அப்பா வெளியிலிருந்து வந்தார். மடித்த நீலநிறக் கடிதத்தாள் ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார். தபாலாபீசில் விற்கிற இன்லண்ட் கடிதம். பெறுநர் இடத்தில் அவர் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழுத்தி அழுத்தி:

இசக்கிபாண்டி, கிளைத் தபாலாபீஸ், ஒத்தவிளக்குப்புதூர், கடையம் வழி.

அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“சொன்னான். கேட்டு வச்சேன்” என்றார் எல்லப்பன், அவளைப் பார்க்காமல். “வாக்கு அவன் குடுத்தது. நீ குடுக்கலை.” வாசல்வரை போனவர் நின்றார். “அனுப்புநர்னு ஒரு இடம் இருக்கும். ஊர் பேரு சரியா எழுது. இல்லாட்டி அவன் எங்கன்னு தேடுவான்?”

அந்த இடத்தில் அவள் எல்லையம்மன் நகர் என்று எழுதவில்லை. மறுத்தாள்மேடு என்று எழுதினாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எழுதி முடிக்கும்வரை பார்த்தார். தடுக்கவில்லை.

உள்ளே மூன்றே வரிகள்தான் எழுத வந்தன.

“நான் மறுத்துட்டேன்.

ஏன்னு எங்கப்பா கேட்டார்.

உங்க பேரைச் சொன்னேன்.”