பச்சையில் தொண்ணூற்று நாலு

செங்காட்டில் காற்றைப் பார்க்காமல் யாரும் காப்பி குடிப்பதில்லை. எழுந்ததும் சுவரில் இருக்கும் காற்றுமானித் திரையைப் பார்க்க வேண்டும். காற்றின் தரம் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்று பச்சையில் இருக்கும். பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பது. வழியில் எதிர்ப்பட்டால், "பச்சை பாத்தாச்சா?" என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள். சுரங்க வேலைக்கு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் செவ்வாயின் தரைக்கடியில் அடைந்து கிடக்கிற குடியிருப்பு. வேறு எதைத்தான் விசாரிப்பது?

அன்றைக்குக் காலையில் திரையில் பச்சையைக் காணோம். சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் ஒரு வரி: "இந்தச் செருகுநிரல் பழையது. உங்கள் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டுள்ளது."

ஊரே பதறியது. கணினிகளைப் பழுதுபார்க்கும் தாட்சாயணியின் கதவை ஆளாளுக்கு வந்து தட்டினார்கள். அவளோ மகள் நறுமுகைக்குத் தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு மாதமாகத் தலைவலி என்று சுருண்டு கிடக்கிறது. நாலடி ஓடினால் உதடு நீலம் பாய்கிறது. மருத்துவர் இரண்டு முறை பார்த்தார். "காத்துதான் தொண்ணூத்தி நாலு இருக்கே, அப்புறம் என்னம்மா? பிள்ளை சரியாச் சாப்பிடறதில்ல" என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்.

செங்காட்டின் காற்று இயந்திரங்களை ஆள்வது பூமியிலிருந்து கொண்டுவந்த பழைய லினக்ஸ் கணினி. அது பாட்டுக்கு ஓடும். ஆனால் அது சொல்வதைச் சுவர்த் திரையில் இருக்கும் இணைய உலாவியில்தான் பார்க்க முடியும். உலாவிக்குப் படித்துக் காட்டச் செருகுநிரல் என்று ஒரு குட்டி நிரல் வேண்டும். உலாவி ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் செருகுநிரலின் பதிப்பு எண்ணைப் பார்க்கும். பழையதென்றால் ஓட விடாது.

தாட்சாயணி செருகுநிரலின் கோப்பைத் தேடித் திறந்தாள். அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த நான்கு பேரும் ஒரே வைத்தியம்தான் பார்த்திருந்தார்கள். "பதிப்பு எண்ணை மட்டும் கூட்டியிருக்கிறேன். இப்போதைக்கு இது போதும்" என்று ஒவ்வொருவரும் குறிப்பு வேறு எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த நிரலில் ஒருவரும் கை வைக்கவில்லை. அடப்பாவிகளா! பால் பாக்கெட்டில் தேதியைத் திருத்தி ஒட்டினால் பால் புதுசாகிவிடுமா?

ஒன்பது வருடத்துக்கு முன் காற்றை அளக்கும் உணரிகளையெல்லாம் மாற்றியிருந்தார்கள். புதிய உணரிகள் அனுப்புவதைப் படிக்க இந்தச் செருகுநிரலுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியாது. கடைசியாகப் படித்த எண்ணையே ஒன்பது வருடமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

குடியிருப்பின் தலைவர் கோதண்டம் வந்து நின்றார். "என்னம்மா, பதிப்பு எண்ணை மாத்த அஞ்சு நிமிஷம் போதுமே?"

"நிரலையே புதுசா எழுதறேன் ஐயா. சாயங்காலம் ஆகும்."

சாயங்காலம் திரைக்கு உயிர் வந்தது. சிவப்பில் அறுபத்தொன்று என்று காட்டியது. தாட்சாயணி தலைவரைத் தேடி ஓடினாள்.

"காத்து வடிகட்டி பாதிக்கு மேல செத்துப்போச்சு ஐயா," என்றாள் கோதண்டத்திடம். "சுரங்கத்தை இருபது நாள் மூடிட்டு, எல்லாருமா வடிகட்டியைச் சரிபண்ண இறங்கினா பொழைச்சுக்கலாம். விட்டா ரெண்டு மாசம் தாங்காது."

"நேத்து வரைக்கும் பச்சை. நீ கை வச்சதும் சிவப்பு. ஊர் என்ன சொல்லும்?" என்றார் அவர். மறுநாளே பொது மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்.

ஊர் சொல்லத்தான் சொன்னது.

"புதுசு கண்ணை உறுத்துது."

"எழுத்து ரொம்பப் பொடிசு."

"காலங்காத்தால இந்தச் சிவப்புல முழிச்சா நாள் விளங்குமா?"

"பழசுல என்னம்மா கொறை கண்டே?"

தாட்சாயணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "திரையை விடுங்க. இவ உதட்டைப் பாருங்க!"

"தலைவலி எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு," என்றாள் முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "அதுக்காக நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுப்பாங்களா?"

மண்டபம் கைதட்டியது. தாட்சாயணி மகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"சரி," என்றார் கோதண்டம். "சுரங்கம் நடக்கட்டும், பழைய செருகுநிரலையே திரும்பப் போட்டுடலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் மொத்தமாக உயர்ந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். ஐம்பதைத் தாண்டுவதற்குள் பலருடைய கைகள் தாழ்ந்துவிட்டன. தூக்கியவர்கள் மேல்மூச்சு வாங்கி அங்கங்கே உட்கார்ந்தார்கள்.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் கையை இறக்காதீங்கப்பா," என்றார் கோதண்டம். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவர் மூன்று இடத்தில் நின்று மூச்சுவிட வேண்டியிருந்தது.